பேட்டரி செல் வாங்கிய கதை: உங்களுக்கு நடந்தது என்ன?

அரைவெல்டு எழுதியது:

நானே ஆரம்பிக்கிறேன். மாணவர் போட்டிக்கு நாங்களே கட்டும் மின்சார ரேஸ் காரின் பேட்டரி பேக். ஐந்து செக்மென்ட் (தனித்தனிப் பகுதி), ஒவ்வொன்றும் 20 சீரிஸ் 6 பேரலல், அதாவது ஆறு ஆறு செல்லாக இணையாகக் கோத்த 20 குரூப் தொடராக, மொத்தம் 600 செல். 18650 எனும் உருளை வகைதான், 3000 மில்லியாம்பியர்-ஹவர் வகை. வழக்கமான விநியோகஸ்தரிடம் ஸ்டாக் இல்லை. வேறொருவர் "கையிலேயே இருக்கிறது" என்றார். வாங்கிவிட்டோம். எந்த அவசரத்தில் வாங்கியிருப்போம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெட்டி வந்த அன்று மெக்கானிக்கல் பசங்க ஒரு செக்மென்ட்டுக்கான செல்களைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, மொத்த பேக்கும் கணக்கைவிட 3 கிலோவுக்கு மேல் குறைகிறது என்று குதித்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். பேட்டரி லீடான நானும்தான்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. "அண்ணா, டேட்டாஷீட்டில் 47 கிராம் பக்கம் இருக்கிறது. இது 41. மீதி 6 கிராம் எங்கே போச்சு?" என்று கேட்டாள். தராசு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவு அவளே ஒரு செல்லின் உறையைக் கிழித்து எடுத்து வந்து காட்டினாள். நெகட்டிவ் முனையில் பழைய ஸ்பாட் வெல்டு தடம், அதை அரம் வைத்துத் தேய்த்த கீறல். எங்கோ ஒரு பழைய பேக்கிலிருந்து பிரித்தெடுத்து, புது உறை மாட்டி விற்றிருக்கிறார்கள். பத்து செல்லை டிஸ்சார்ஜ் செய்து பார்த்தோம். ஒன்றுகூட 2100-ஐத் தாண்டவில்லை.

ஏமாந்ததுகூடப் பரவாயில்லை. கைதட்டினேன் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இருபத்துநாலு எழுதியது:

என் கதை சின்னது. மோலிசெல் பி42ஏ (4.2 ஆம்பியர்-ஹவர் செல்), செக்மென்ட்டுக்கு 24 சீரிஸ் 4 பேரலல். போட்டி விதிப்படி ஒரு செக்மென்ட் 120 வோல்ட், 6 மெகாஜூல் தாண்டக் கூடாது அல்லவா. 3.6 வோல்ட் வைத்துப் பெருக்கினேன், 5.2 மெகாஜூல்தான் வந்தது. நிம்மதியாக, செல்களை அடுக்கும் பெட்டியை வெட்டக் கொடுத்தேன்.

பெருக்க வேண்டியது முழு சார்ஜ் வோல்டேஜை. 24 × 4.2 × 16.8 ஆம்பியர்-ஹவர், அதாவது 1693 வாட்-ஹவர், 6.1 மெகாஜூல். கூடுதல் 0.1. அந்த 0.1-க்காக ஒவ்வொரு செக்மென்ட்டிலும் ஒரு வரிசையைக் கழற்றி 23 ஆக்கினோம். பஸ்பார் (கரண்ட் கடத்தும் பட்டை), செல் ஹோல்டர், அளவீட்டு வயர் எல்லாம் மறுபடி. காலியான அந்த வரிசைகளில் பிளாஸ்டிக் கட்டை வைத்து அடைத்தோம். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கட்டைதான் முதலில் கண்ணில் படும்.

பவுச்பக்தன் எழுதியது:

இரண்டு கதையையும் படித்தேன். உருளை செல்லை எடுத்ததால் வந்த வினை. 500 செல், ஆயிரம் வெல்டு, எதில் எது விட்டுப்போகும் என்று யாருக்குத் தெரியும்?

நாங்கள் பவுச் (தட்டையான பை வடிவ செல்). ஒரே ஒரு சிக்கல்தான் வந்தது. செல்கள் பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன, சீசன் முடிந்து வெளியே எடுக்கப் போனால் வரவில்லை. உப்பியிருந்தன. மரக்கட்டையால் நெம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தோம். அவ்வளவுதான் கதை.

புதிதாக வருபவர்களுக்கு: டேட்டாஷீட்டில் இருக்கும் தடிமன் புது செல்லின் தடிமன். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் பெருக்கும், பழசாகும்போது இன்னும் பெருக்கும். இடம் விடுங்கள், ஆனால் வெறும் இடமாக விடாதீர்கள், நடுவில் ஃபோம் வைத்து அழுத்தம் கொடுங்கள். டேப்பில் (செல்லிலிருந்து நீளும் இரண்டு உலோகத் தகடுகளில்) ஒன்று அலுமினியம், ஒன்று பெரும்பாலும் நிக்கல் பூசிய செம்பு, அலுமினியத்தில் சாதாரண சாலிடர் ஒட்டாது. போல்ட் போட்டு இறுக்கினால் லாக்கிங் (தளராமல் பூட்டுவது) கட்டாயம், முடிந்தால் அல்ட்ராசோனிக் வெல்டுக்கு ஆள் பிடியுங்கள். டேப்பை அடியோடு மடிக்காதீர்கள், சீல் கிழியும். 10சி, 15சி (கொள்ளளவின் பத்து, பதினைந்து மடங்கு கரண்ட்) என்று எழுதியிருப்பதை எத்தனை வினாடிக்கு என்று கேட்டு வாங்குங்கள். சாம்பிளாக நாலு செல் வாங்கி, உங்கள் கார் ஓடும் கரண்ட் வரைபடத்தை அப்படியே ஓட்டி, சூட்டைப் பாருங்கள். 60 டிகிரியைத் தொட்டால் கார் நின்றுவிடும், செல்லின் டேட்டாஷீட் அதற்கும் கீழே சொன்னால் அதுதான் கணக்கு. ஸ்பேர் பத்து சதவீதமாவது சேர்த்து ஆர்டர் செய்யுங்கள். அப்புறம் வந்து புலம்பாதீர்கள்.

ஃப்யூஸ்போச்சு எழுதியது:

@பவுச்பக்தன், யாரும் அறிவுரை கேட்கவில்லையே. மரக்கட்டையால் உப்பிய செல்லை நெம்பிவிட்டு "அவ்வளவுதான் கதை" என்கிறீர்கள். கையுறை போட்டிருந்தீர்களா, அதையாவது சொல்லுங்கள்.

உருளை செல்லில் ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ் வைக்கலாம். ஒன்று ஷார்ட் ஆனால் பக்கத்தில் இருப்பவை அதற்குள் கரண்ட்டைக் கொட்டாது. இதைக் கண்ணால் பார்த்தவன் நான். டெஸ்ட் பெஞ்சில், ஆறு செல் குரூப் ஒன்றில், ஃப்யூஸாக வேலை செய்யும் ஒரு மெல்லிய நிக்கல் கழுத்து மட்டும் 'டிக்' என்று அறுந்தது. நகம் வெட்டுவதுபோல் ஒரு சத்தம். மற்ற ஐந்தும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தன. சொல்லப்போனால் அறுந்ததே எங்களுக்கு மறுநாள்தான் உறைத்தது, அந்த குரூப் மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் வடிந்ததால்.

பவுச்பக்தன் எழுதியது:

கையுறை போட்டிருந்தோம். ஃப்யூஸ் அறுந்தது மறுநாள்தான் தெரிந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நான் வேறு என்ன சொல்ல.

பத்தொன்பதாவதுகிலோமீட்டர் எழுதியது:

சண்டைக்கு நடுவில் என்னுடையதையும் வைத்துவிடுகிறேன்.

ஒரிஜினல் செல், நல்ல இடத்தில் வாங்கியது, ஆனால் இரண்டு தவணையாக வந்தது. லித்தியம் அயான் செல்லைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016-லிருந்து தடை. சரக்கு விமானத்திலும் 30 சதவீத சார்ஜுக்கு மேல் இருக்கக் கூடாது. யுஎன் 38.3 (லித்தியம் செல்லை அனுப்பத் தேவையான பாதுகாப்புச் சோதனை) சோதனைச் சுருக்கம் இல்லாமல் ஒரு பெட்டி கிடங்கில் உட்கார்ந்துவிட்டது. காகிதம் வந்து, பெட்டி வந்தபோது பாதி பேக்கை வெல்டு செய்து முடித்திருந்தோம். மீதியை வந்ததை வைத்து நிரப்பினோம். லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) வேறு என்று பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் அளந்து பிரிக்க ஒரு நாள் ஆகும், அந்த ஒரு நாள் இல்லை.

எண்டூரன்ஸ் (போட்டியின் நெடுந்தூர ஓட்டம்) 22 கிலோமீட்டர். பத்தொன்பதாவதில், நேர் பாதையில் முழு ஆக்சிலரேட்டர். லேப்டாப்பில் எல்லா கட்டமும் பச்சை, மூன்றாவது செக்மென்ட்டில் பதினோராவது குரூப் மட்டும் 2.9, 2.7, 2.5 வோல்ட். செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ், ஷட்டவுன் சர்க்யூட்டைத் திறந்து பேக்கைத் துண்டித்தது. மின்சாரக் கார் நிற்கும்போது சத்தமே இருக்காது, டயர் உருளும் ஓசை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. மற்ற குரூப்புகள் எல்லாம் 3.2-க்கு மேல். பேக்கில் சார்ஜ் இருக்கிறது, கார் ஓடாது.

பிரித்துப் பார்த்தோம். பதினோராவது குரூப்பில் இருந்தது அத்தனையும் அந்தப் பெட்டியில் வந்தவைதான்.

இருபத்துநாலு எழுதியது:

@பத்தொன்பதாவதுகிலோமீட்டர், 2.9-ஐப் பார்த்தவுடனே டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கலாமே?

பத்தொன்பதாவதுகிலோமீட்டர் எழுதியது:

ரேடியோ கிடையாது. போர்டு காட்டலாம், அடுத்த சுற்றுக்கு வந்தால்.

அரைவெல்டு எழுதியது:

அந்த 600 செல் என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். முழுக்க வடித்து மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டோம், பணம் திரும்ப வரவில்லை. அந்த வருடம் கார் ஓடவில்லை. 6 கிராம் எங்கே என்று கேட்ட அந்த மாணவிதான் அடுத்த வருட லீட். தராசு எது என்று கேட்டவருக்கு: சாதாரணச் சமையலறைத் தராசுதான், 1 கிராம் காட்டினால் போதும். பத்து செல்லைச் சேர்த்து வைத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.