‘ஃபிளேர்’ என்பதற்கு ‘ஏந்தல்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகுவோருக்கான தமிழ்க் குறிப்புகளைத் தொகுக்கும் இந்த இழையில், தரையிறக்கத்தின் கடைசிச் சில விநாடிகளைக் குறிக்கும் ‘ஃபிளேர்’ என்ற சொல்லுக்கு ‘சுடர்வு’, ‘முகநிமிர்வு’, ‘மட்டமாக்கல்’ என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. பாளையங்கோட்டையில் என்னிடம் பழக வரும் மாணவர்களிடம் மூன்றையும் சொல்லிப் பார்த்த பிறகு, நான்காவதாக ‘ஏந்தல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வினையாக வரும்போது ‘ஏந்து’, பெயராக வரும்போது ‘ஏந்தல்’. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது; பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

சொல் செயலிலிருந்து பிறக்க வேண்டும் என்பதால் செயலை முதலில் பார்ப்போம். ஃபிளைட்கியர் என்னும் விமானப் பாவனைப்பொறி (சிமுலேட்டர்) மென்பொருளைத் திறந்தவுடன் நமக்குக் கிடைக்கும் செஸ்னா 172பி விமானம், இறக்கையின் பின்விளிம்பு மடல்களான ஃபிளாப்புகளை இறக்கிய நிலையில், 60 முதல் 70 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வேகத்தில் ஓடுபாதையை நெருங்குகிறது. 3 பாகைச் சரிவில் 65 நாட் வேகத்தில் வந்தால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 அடி இறங்கும். சரிவில் வரும்போது அதன் மூக்கு சற்றுக் கீழ்நோக்கியே இருப்பதால், அப்படியே விட்டுவிட்டால் மென்மையான மூக்குச் சக்கரம் முதலில் மோதும். அந்தக் கால் மடங்குவதும், எந்திரத்துக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகடு நெளிவதும் இவ்வகைச் சிறு விமானங்களில் நன்கறிந்த சேதங்கள். ஆகவே தரைக்கு 10 முதல் 20 அடி உயரத்தில், விமானி எந்திர விசையைக் குறைத்தபடியே கட்டுப்பாட்டுத் தண்டை மெதுவாகத் தன்பக்கம் இழுக்கிறார். காற்றை இறக்கை எதிர்கொள்ளும் கோணம் கூடுகிறது. தூக்குவிசை சிறிது நேரம் எடையை மிஞ்சுகிறது. இறங்கும் வேகம் அடங்குகிறது. ஆனால் முன்செல்லும் வேகமும் குறைந்துகொண்டே வருவதால் தூக்குவிசையும் குறையப் பார்க்கிறது; அதை ஈடுசெய்ய இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும், பிறகு இன்னும் கொஞ்சம். இறக்கை இனித் தாங்காது என்னும் எல்லைக்கு அருகில் பின்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடுகின்றன. 15 அடியிலிருந்து ஒன்றும் செய்யாமல் அதே வேகத்தில் இறங்கவிட்டால் தரைக்கு இரண்டரை விநாடிதான். அந்தச் சின்னஞ்சிறு நேரத்தை நீட்டிக் கொடுக்கும் கைவேலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

இதிலிருந்து எனக்குத் தெளிவாகப் படுவது ஒன்று. இந்தச் சொல் அகராதியில் மட்டும் இருந்தால் போதாது. பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பவர் அந்த விநாடியில் ஏவலாகச் சொல்லக்கூடியதாகவும், கேட்டவுடன் கை சரியான அளவில் அசையக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஈரசைக்கு மேல் போனால் சொல் முடிவதற்குள் சக்கரம் தரையில் இருக்கும்.

சங்கரன்கோவில் தம்பி அனுப்பிய ‘சுடர்வு’ பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. ஆங்கிலச் சொல்லுக்குத் தீப்பிழம்பு என்ற பொருளோடு, விளிம்பை நோக்கி விரிந்து வளைதல் என்ற பொருளும் உண்டு. விமானிகள் எடுத்துக்கொண்டது இரண்டாவதை. இயந்திர மொழிபெயர்ப்பு முதலாவதைத் தந்துவிடுகிறது. விமானத்தில் சுடர் என்று படிப்பவர் தீ விபத்தைத்தான் நினைப்பார்.

தூத்துக்குடி அண்ணாச்சி முன்வைத்த ‘முகநிமிர்வு’ கண்ணுக்குத் தெரிவதைச் சரியாகவே சொல்கிறது. மூக்கு நிமிரத்தான் செய்கிறது. எனக்குள்ள தடைகள் இரண்டு. ஓடுபாதையில் வேகம் எடுத்து 55 நாட் அளவில் மூக்கைத் தூக்கி மேலெழுகிறோமே, அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘நிமிர்த்தல்’ அங்கேதான் இயல்பாகப் பொருந்துகிறது, ஏனெனில் அங்கே நிமிர்த்துவதே நோக்கம். தரையிறங்கும்போது நிமிர்வது விளைவு. நோக்கம் விமானத்தை விழவிடாமல் வைத்திருப்பது. இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. ‘நிமிர்த்து’ என்று சொன்னால் பழகுபவர் தண்டை வெடுக்கென்று இழுத்துவிடுகிறார். வேகம் இன்னும் மிச்சமிருப்பதால் விமானம் தரையைத் தொடாமல் மறுபடி மேலே எழுகிறது. எழுந்த இடத்தில் வேகம் தீர்ந்து, 20, 30 அடியிலிருந்து பொத்தென்று விழுகிறது. மாணவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் பிழை இதுதான். இந்தப் பிழையைத் தூண்டும் சொல்லை நாமே கொடுக்கலாகாது.

‘மட்டமாக்கல்’ பாதி சரி. பிரிட்டிஷ் பயிற்சி மரபு இந்தச் செயலை இரண்டாகப் பிரித்துச் சொல்லும்: சரிவை வளைத்து ஓடுபாதைக்கு இணையாகக் கொண்டுவருவது ஒன்று, அதன்பின் தரையைத் தொடவிடாமல் பிடித்து நிற்பது இன்னொன்று. முதற்பகுதிக்கு ‘மட்டம் பிடித்தல்’ என்று கொத்தனார் வழக்கிலேயே சொல்லலாம். இரண்டாம் பகுதிக்கு அது பொருந்தாது. முழுச்செயலுக்கும் ஒரு பெயர் வேண்டும்.

இனி ‘ஏந்து’. நெல்லைப் பக்கத்தில் தலைச்சுமையாக வரும் நெல் மூட்டையை இறக்கும்போது, கீழே நிற்பவர் ‘போடாதே, ஏந்தி இறக்கு’ என்பார். மூட்டை கீழேதான் போகிறது. போகும் வழி நெடுக கை அதைத் தாங்கிக்கொண்டே போகிறது. கைமேல் எடை கூடக்கூடத் தாங்கும் விசையும் கூடுகிறது. தரையிறங்கும் விமானத்துக்கு இறக்கை செய்வது இதையேதான். ‘தூக்கு’ என்றால் மேலே போக வேண்டும், ‘பிடி’ என்றால் அசையாமல் நிற்க வேண்டும். ‘ஏந்து’ என்ற வினைதான் இறங்கும் பொருளை இறங்கவிட்டபடியே தாங்குவதைச் சொல்கிறது. மாணவர்களிடம் ‘ஏந்து, ஏந்து, இன்னும் ஏந்து’ என்று சொன்னபோது கை படிப்படியாகப் பின்வந்ததைப் பார்த்தேன். சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல முடிவதும் ஒரு நன்மை, ஏனெனில் இழுப்பும் ஒரே இழுப்பாக இருக்கக் கூடாது.

பறவையியலுக்கும் இச்சொல் பயன்படும். கூந்தன்குளத்தில் வந்திறங்கும் நாரை, தரைக்குச் சற்று முன்னால் உடலை நிமிர்த்தி, இறக்கையின் கோணத்தைக் கூட்டி, வேகத்தைக் கொன்று, காலை நீட்டுகிறது. அங்கும் நடப்பது ஏந்தலே.

அம்பாசமுத்திரத்து ஆசிரியை அம்மா முன்கூட்டியே எழுப்பிய ஐயங்களுக்கு வருகிறேன். ‘ஏந்தல்’ அரசனையும் உயர்ச்சியையும் குறிக்கும் பழஞ்சொல் என்பதும், இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் அது நீர்நிலையைக் குறிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த நீர்நிலைக்கு அப்பெயர் வந்ததே மழைநீரை ஏந்தி வைப்பதால்தான். வடமாவட்டங்களில் ‘தாங்கல்’ என்று குளத்துக்குப் பெயர் அமைந்ததும் அவ்வாறே. பொருள் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கும்போது குழப்பம் வராது. விமானக் குறிப்பைப் படிப்பவர் குளத்தை நினைக்கப்போவதில்லை. ‘கையேந்துதல்’ இரத்தலைக் குறிக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். அது ‘கை’ என்ற முன்சொல்லோடு சேர்ந்து வந்த பொருள். ‘விளக்கை ஏந்தி’, ‘குழந்தையை ஏந்தி’ என்னும்போது அந்த நிழல் விழுவதில்லை.

ஒரு புணர்ச்சிச் சிக்கலில் மட்டும் அம்மாவோடு முழுவதும் உடன்படுகிறேன். ஏந்தத் தொடங்கும் உயரத்தை ‘ஏந்துயரம்’ என்று சேர்த்தெழுதினால் உள்ளே ‘துயரம்’ வந்து நிற்கிறது. அதை விலக்கி ‘ஏந்தல் உயரம்’ என்று பிரித்தே எழுதுவோம். மற்றக் கூட்டுச்சொற்கள் நன்றாகவே அமைகின்றன: அளவுக்கு மீறி இழுத்தால் ‘மிகையேந்தல்’, பெரிய விமானங்களில் தானியங்கி அமைப்பே செய்வது ‘தானேந்தல்’. ஏர்பஸ் ஏ320 போன்றவற்றில் தானியங்கித் தரையிறக்கத்தின்போது முகப்புத்திரையில் இந்தக் கட்டத்தின் பெயர் தனியே தோன்றும். கையால் இறக்கினால் 20 அடியில் விசைப்பிடியைப் பின்னிழுக்கச் சொல்லும் குரல் கேட்கும். ‘தானேந்தல்’ அந்தத் திரையின் சிறு கட்டத்துக்குள்ளும் அடங்கும்.

வீட்டுப் பாவனைப்பொறியில் இந்தச் சொல் ஏன் கூடுதல் பாரம் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உண்மை விமானத்தில் தரை எழுந்து வருவதை ஓரக்கண் உணர்த்திவிடுகிறது, இருக்கையின் அழுத்தமும் உணர்த்துகிறது. வேகம் குறையக் குறையத் தண்டு தளர்ந்து, இன்னும் இழு என்று கைக்கே சொல்கிறது. நம் மேசைத்திரை அகலத்தில் சிறியது. ஓரக்கண்ணுக்கு அதில் வேலையில்லை. ஜாய்ஸ்டிக்கில் இருப்பதோ சுருள்வில். 120 நாட் வேகத்திலும் 50 நாட் வேகத்திலும் அது ஒரே அளவில்தான் எதிர்க்கிறது. ஆகவே உடல் உணர்த்த வேண்டியதை இந்தச் சொல்லும் நம் குறிப்புகளுமே உணர்த்தியாக வேண்டும். பார்வையை ஓடுபாதையின் தொலைமுனைக்கு மாற்றச் சொல்வதும், ‘ஏந்து’ என்ற ஏவலும் சேர்ந்தால் அந்தக் குறை ஓரளவு தீர்கிறது.

காற்றும் இதில் பங்கு வகிக்கிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் புகுந்து வரும் மேற்குக்காற்றைப் பாவனைப்பொறியில் அமைத்துக்கொண்டு, வாகைக்குளம் விமானநிலையத்தில் கடல் பக்கமிருந்து 28 எண் ஓடுபாதையில் இறங்கிப் பாருங்கள். எதிர்க்காற்று தரையை ஒட்டித் தேய்ந்துபோவது இயற்கை. மேலே 25 நாட் அடித்த காற்று கீழே 15 ஆகும்போது, விமானம் உணரும் காற்றுவேகமும் சட்டென்று குறைந்து அது அமிழப் பார்க்கும். எனவே பலத்த காற்றில் சற்று வேகம் கூட்டி வருவதும், ஏந்தும்போது விசையை முழுவதும் எடுத்துவிடாமல் இருப்பதும் வழக்கம்.

உடன்வரும் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேகம் மிச்சமிருந்து தொடாமலே நீண்டு போவது ‘மிதப்பு’. தொட்டு எழுவது ‘துள்ளல்’. இறங்காமல் மீண்டும் மேலே போவது ‘மறுசுற்று’. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை உள்ள முழு அகலத்தின் அளவுக்குள், செஸ்னாவுக்கு 36 அடிக்குள், தரை நெருங்கும்போது இழுவிசை குறைந்து மிதப்பு கூடுவது ‘தரையண்மை விளைவு’. ‘ஸ்டால்’ என்பதற்கு யாரோ எழுதிய ‘எந்திர நிறுத்தம்’ முற்றிலும் தவறு; எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நேரும். ‘தூக்குவிசை இழப்பு’ என்றே எழுதுவோம்.

சொல் பத்திக்குள் நிற்கிறதா என்று பார்க்க, குறிப்பின் வரைவை இங்கே தருகிறேன்:

“ஓடுபாதையின் விளிம்பைக் கடந்ததும் பார்வையைத் தொலைமுனைக்கு மாற்றுங்கள். ஏந்தல் உயரம் வந்ததும் விசையைக் குறைத்து மட்டம் பிடியுங்கள். விமானம் அமிழத் தொடங்கும்போதெல்லாம் சிறிது ஏந்துங்கள். மேலெழுந்தால் தண்டை முன்னே தள்ளாதீர்கள். இழுப்பை நிறுத்தி, அது மீண்டும் அமிழும்வரை காத்து, பிறகு ஏந்துங்கள். எழுச்சி பெரிதாக இருந்தால் முழு விசை கொடுத்து மறுசுற்றுக்குப் போங்கள். பின்சக்கரங்கள் தொட்ட பின்னும் ஏந்தலை விட்டுவிடாமல் மூக்குச் சக்கரத்தை மெல்ல இறக்குங்கள்.”

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குறுக்குக்காற்றில் விமானம் ஒதுங்கிப் போகாமல் இருக்க மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வைத்து வருகிறோம். ஏந்தும்போது சுக்கான் மிதியால் அதை ஓடுபாதைக்கு நேராக்குகிறோம். இந்த இரு செயலுக்கும் ஆங்கிலம் நண்டைத் துணைக்கு அழைக்கிறது. பாய்விரித்த தோணி ஓட்டியவர்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஈடுகொடுத்து முகப்பைத் திருப்பி வைப்பதற்கு ஒரு வினைச்சொல் வைத்திருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். தூத்துக்குடி அண்ணாச்சி, உங்களுக்குத் தோணித்துறையில் பழக்கமுண்டு. தோணித் தலைவர்களான மூத்த தண்டல்மாரிடம் கேட்டு எழுதுவீர்களானால், அந்தப் பத்தியையும் சேர்த்துக் குறிப்பை முடித்துவிடலாம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து