டிஎக்ஸ், என்டிட்டி: திங்கட்கிழமைக்குள் சொல் வேண்டும்

காட்பாடியிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காகப் பேசிக்கொள்ளும் வானொலி) கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களுக்குத் தமிழ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன். ஒன்று டிஎக்ஸ், தந்திக்காரர்கள் தொலைவுக்கு வைத்த சுருக்கெழுத்து. மற்றது என்டிட்டி, விருதுக்காகத் தனியாக எண்ணப்படும் பகுதி. 1937-இல் தொடங்கிய டிஎக்ஸ்சிசி என்ற ஹாம் விருதுக்கு நூறு என்டிட்டிகளோடு பேசி உறுதிச்சான்று வாங்க வேண்டும். நான் ‘நூறு நாடுகள்’ என்று எழுதியிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி லட்சத்தீவிலிருந்து வந்த க்யூஎஸ்எல் கார்டை, அதாவது பேசியதை உறுதிசெய்யும் அட்டையை, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது நம்ம நாடுதானே சார், ஏன் தனியா எண்ணுறீங்க?” என்று கேட்டாள். அந்தமானும் அப்படித்தான், தனிக் கணக்கு. ‘நாடு’ என்ற சொல் அங்கேயே உடைந்துவிட்டது.

ஆரணியிலிருந்து:
ஐயா, அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு என்று பிள்ளைகள் இலக்கணத்தில் படிப்பதுதானே? ‘சேய்மைத் தொடர்பு’ போதும். ஆனால் அதைவிட அழகு ‘சேண்’. தொலைவு, உயரம் இரண்டுமே அதற்குப் பொருள். குறுந்தொகையில் பரண்மேல் இருந்து காவல் காப்பவன் சேணோன். அவன் ஏற்றிய கொள்ளி, வானத்து மீன்போல மின்னும். உயரத்திலிருந்து தொலைவுக்கு அடையாளம் காட்டுகிறவன்! ஆன்டெனா வைத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? மண்+குடம் மட்குடம் ஆவதுபோல, சேண்+தொடர்பு ‘சேட்டொடர்பு’. ‘தொலை’ மட்டும் வேண்டாம், அது அழிவைக் குறிக்கும்.

ஆம்பூரிலிருந்து:
அண்ணா, தொலைபேசி வந்து எத்தனை காலம் ஆயிற்று, எது அழிந்தது? சேட்டொடர்பு என்றால் பிள்ளைகள் காதில் சேட்டை என்றுதான் விழும். ரேடியோ செட் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். பொழுது சாயும்போது 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வெறும் இரைச்சல். அதன் அடியிலிருந்து ஒரு குரல் மெல்ல எழும்பும். அலையை வானத்திலிருந்து திருப்பி அனுப்பும் அயனிமண்டலம் விட்டுக்கொடுக்கும் வரைக்கும்தான் அது நிற்கும். அதற்குள் அந்த நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியை எழுதிவிட வேண்டும். “டிஎக்ஸ் பிடிச்சேன்” என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அந்தப் ‘பிடி’யை விடாதீர்கள். ‘தூரம் பிடித்தல்’ என்று போடுங்கள்.

ஆரணியிலிருந்து:
தூரம் வடசொல், தம்பி.

குடியாத்தத்திலிருந்து:
என்டிட்டியை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. ‘தனிநிலம்’ என்று நினைத்தேன், சரிவரவில்லை. பட்டியலில் உள்ள 340-இல் நியூயார்க் ஐ.நா. தலைமையகமும் ஒன்று, அதை நிலம் என்று எப்படிச் சொல்வது? கணக்கில் சேரும் இடம் என்பதால் ‘கணக்கிடம்’ என்கிறேன். அரசியல் எல்லை பற்றி அந்தச் சொல் எதுவும் பேசாது. அந்தப் பெண்ணின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

காட்பாடியிலிருந்து:
நன்றி அக்கா, ‘கணக்கிடம்’ அப்படியே போகிறது. ‘கணக்கிடு’ என்ற வினைச்சொல்லோடு குழம்பும் என்று தனிமடலில் ஒருவர் எழுதினார். முதல் இடத்தில் விளக்கம் சேர்த்துவிட்டேன். டிஎக்ஸுக்கு மூன்று பேர் ‘சேய்மைத் தொடர்பு’ என்கிறார்கள், தலைப்பில் அதுவே. உள்ளே ‘டிஎக்ஸ் பிடித்தல்’ இருக்கும். அண்ணா, சேணோனைப் பெட்டிச்செய்தியாகப் போடுகிறேன்.

ஆரணியிலிருந்து:
போடுங்கள் ஐயா. ஆனால் சேட்டொடர்பு தவறான சொல் இல்லை. அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.