மீனாட்சி கோயிலைச் சுற்றி 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இன்னும் வேண்டுமா?

மாசிவீதிக்காரன்:
மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. கீழே கடை, மேலே இரண்டு மாடி. தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இன்னொரு மாடி எடுக்கலாம் என்று பார்த்தால் என்ஜினியர் கையை விரித்துவிட்டார். கோயிலிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாதாம். ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜ் ஐந்து மாடி நிற்கிறது! தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி. நான் 10 அடி ஏற்றினால் அது சின்னதாகிவிடுமா?

மொட்டைமாடி:
தம்பி, லாட்ஜ் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். விதி என்றால் எல்லோருக்கும் விதிதான்.

நான் கீழ ஆவணி மூல வீதிப் பக்கம் பிறந்தவன். எங்கள் அப்பத்தா விடிகாலையில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு மொட்டை மாடியில் வந்து நிற்பார். வெயில் முதலில் கிழக்குக் கோபுரக் கலசத்தில் விழும். அப்புறம் ஒவ்வொரு நிலையாக, சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாக நிறம் பிடித்துக்கொண்டு இறங்கும். அதைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் காப்பி. எதிர்வீட்டுக்காரர் இரண்டு மாடி கூட்டி, மேலே தண்ணீர்த் தொட்டியும் வைத்தார். அப்பத்தா அந்தச் சுவரைப் பார்த்தே சில நாள் கும்பிட்டார். அப்புறம் மாடி ஏறுவதையே விட்டுவிட்டார்.

கோபுரம் சின்னதாகாது, மறைந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 மீட்டர் தள்ளி, 9 மீட்டர் மாடியில் நிற்பவருக்கு 52 மீட்டர் கோபுரம் நன்றாகத் தெரியும். 20 அடி முன்னால் இன்னும் இரண்டு மாடி எழும்பினால் கலசம்கூடத் தெரியாது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிக்குள் வீதியாகக் கோயிலைச் சுற்றி அமைந்த ஊர் இது. நடுவில் இருப்பது தெரியாவிட்டால் அந்த அமைப்புக்கே பொருள் இல்லை.

மவுண்ட்ரோடு:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். 1959-இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடம் 177 அடிதான். ஆனாலும் சினிமாவில் யாராவது பட்டணம் வந்து இறங்கினால் அதைத்தான் காட்டுவார்கள். சுற்றிலும் எல்லாம் தாழ்வாக இருந்ததால் அது ஊருக்கு அடையாளமானது. இன்று ஓ.எம்.ஆரில் அதைவிட உயரமான குடியிருப்புகள் எத்தனையோ. ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது. உயரமாகக் கட்ட அங்கே இடம் இருக்கிறது, கட்டட்டும். மாசி வீதியில் வேண்டாம்.

மாசிவீதிக்காரன்:
மொட்டைமாடி அண்ணே, நேற்று சாயங்காலம் பின்வீட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் கைப்பிடிச் சுவருக்கு மேலே தெற்குக் கோபுரம் முக்கால்வாசி தெரிகிறது. நான் மாடி எடுத்தால் அந்த வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த வீட்டு அம்மா நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சுண்டல் கொடுத்தார், விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. தம்பிக்குத் திருநகர் பக்கம் வீடு பார்க்கிறோம். லாட்ஜ் பற்றி மாநகராட்சிக்கு மனு எழுதியாயிற்று. தெருவில் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.