யு/ஏ சான்றிதழைப் பெற்றோர் கையில் விட்டால் போதுமா?

முல்லைக்கொடி:
இரவுக் காட்சிக்குக் கைக்குழந்தையோடு வெட்டுக்குத்துப் படம் பார்க்க வருகிறார்கள். பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற யு/ஏ பிரிவைத் தணிக்கை வாரியம் 2024 நவம்பரில் 7+, 13+, 16+ என்று வயதுவாரியாகப் பிரித்தது. ஆனால் அது பெற்றோருக்கான வழிகாட்டுதல்தான். தியேட்டர்காரர் யாரையும் தடுக்க முடியாது. இதைக் கட்டாயமாக்க வேண்டும். 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அப்படியே அடித்தார்கள். 1963இல் அதையே படமாகக் காட்டியபோதும் அடித்தார்கள்.

தேரடி செல்வம்:
அது குத்தினால் சாய்ந்து எழும் பொம்மை. அதை அடித்த பிள்ளை பக்கத்து வீட்டுப் பையனையும் அடிப்பான் என்று எப்படிச் சொல்வது? டால், டெல்லாவினா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2009இல் அமெரிக்கக் கணக்கை வெளியிட்டார்கள். வன்முறைப் படத்துக்குக் கூட்டம் கூடிய நாட்களில் அடிதடி வழக்குகள் குறைந்திருந்தன. வம்புக்குப் போகக்கூடியவர்கள் அந்த நேரம் குடிக்காமல் தியேட்டருக்குள் இருந்தார்கள் என்பதே அவர்கள் சொன்ன முக்கியக் காரணம்.

முல்லைக்கொடி:
அது ஓர் இரவின் கணக்கு. உளவியலாளர் ஹியூஸ்மன் குழு அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் 1977இல் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் தொடங்கி, 15 ஆண்டுகள் கழித்து அவர்களையே மறுபடி ஆராய்ந்தது. சிறுவயதில் டிவியில் வன்முறையை அதிகம் பார்த்தவர்களிடம் வளர்ந்த பிறகும் மூர்க்கம் கூடுதல். குடும்ப வசதி, அறிவுத்திறன், வளர்ப்பு முறை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது.

தேரடி செல்வம்:
சரி, தொடர்பு உண்டு. எவ்வளவு? வீடியோ கேம் பற்றி அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது இது: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு இருக்கிறது, கொடிய வன்முறைக்கு அதைக் காரணம் காட்ட ஆதாரம் போதாது. ஒவ்வொரு கொலைக்கும் சினிமாவைக் கைகாட்டினால், குடித்துவிட்டு வந்து பிள்ளையை அடிக்கும் அப்பன் தப்பித்துவிடுகிறான். எனக்கு அதுதான் கோபம்.

பூங்குழலி:
அடிப்பானா மாட்டானா என்பதிலேயே இருவரும் நிற்கிறீர்கள். பயத்தைப் பற்றியும் பேசுங்கள். அமெரிக்காவில் நடந்த 2013 பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிந்தைய வாரத்தில் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட மன அழுத்தம் அதிகம் இருந்ததாக ஆய்வு உண்டு. பெரியவர்களுக்கே இப்படி. நான்கு வயதுக் குழந்தை ராத்திரி வீறிட்டு எழுந்தால் அது எந்த வழக்கிலும் பதிவாகாது.

தேரடி செல்வம்:
அப்படியானால் சிசிடிவி வெட்டுக் காட்சியை நாள் முழுக்க ஓட்டும் செய்திச் சேனலை முதலில் கேளுங்கள். அதற்கு எந்த வயதுச் சான்றிதழும் கிடையாது.

முல்லைக்கொடி:
கேட்கிறேன். அதற்காகத் தியேட்டர் வாசலைத் திறந்துவிட மாட்டேன். 16+ படத்துக்கு ஆறு வயதுப் பிள்ளையை ஏன் விட வேண்டும், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.