புதுப்பிப்பு: பாடியா, லென்ஸா? கடைசியில் லென்ஸ்தான்

புது கேமரா பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) வாங்குவதா, இருக்கிற பாடிக்கே நல்ல லென்ஸ் வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். வீட்டுக்குள் எடுக்கும் படங்களெல்லாம் புள்ளி புள்ளியாக வந்ததுதான் என் குறை.

50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகிறது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகத் திறக்கும்). கேமராவோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ், 55 மி.மீ.-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அதைவிட இது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஒரு சாயங்காலம் மகள் ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தாள். பழைய லென்ஸில் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்; ஏற்றினால் புள்ளிகளும் கூடும்) 6400 வைக்க வேண்டிய இடம் அது. இப்போது அதே ஷட்டர் வேகத்தில் 640 போதுமாக இருந்தது. கன்னத்தில் ஒட்டியிருந்த ஒற்றை முடிகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

ஆனால் 1.8-இல் கிட்டப் போய் எடுத்தால் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் வருகிறது. துளையைச் சிறிதாக்கினால் கூர்மையாக விழும் ஆழம் கூடும், அதனால் முகம் எடுக்கும்போது 2.8-க்கு வந்துவிடுகிறேன்.

சரி, பாடி? மகள் ஓடி வரும்போது என் கேமராவின் ஃபோகஸ் பின்தங்கிவிடுகிறது. அதற்குக் கண்ணைத் தொடர்ந்து பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் உள்ள பாடிதான் வேண்டும். பறவை, விளையாட்டு எடுப்பவர்கள் என்னைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அடுத்த பாடியும் இதே மவுண்ட்டில்தான் (லென்ஸ் மாட்டும் இணைப்பு) தேடுவேன், இந்த லென்ஸைக் கைவிட எனக்கு மனமில்லை.