வேதாரண்யத்திலிருந்து ஒரு கேள்வி: முதல் கேமராவுக்கு 50,000 ரூபாய், எதில் போடுவது?

உப்பங்காற்று:
எல்லோருக்கும் வணக்கம். கைபேசியைத் தவிர வேறு எதிலும் படம் எடுத்ததில்லை. 50,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கோடியக்கரைக்குப் பூநாரைகள் வரும் காலம் நெருங்குகிறது, அதற்குள் ஒரு டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கிவிட ஆசை. பறவைகள் முதலில், அண்ணன் மகளின் சேட்டைகள் அடுத்தது. கடையில் கேட்டால் கேமரா, 18-55 லென்ஸ், பை, டிரைபாட் என்னும் முக்காலி, லென்ஸ் முன் மாட்டும் யூவி ஃபில்டர், துடைக்கும் துணி எல்லாம் சேர்த்து ஒரே விலை என்கிறார்கள். வாங்கலாமா?

பழையரோல்:
வாங்காதீர்கள். அந்த விலையில் பாதி கேமராவுக்கு, மீதி பைக்கும் துணிக்கும். 18-55 லென்ஸில் பூநாரையை எடுத்தால் சேற்றில் கிடக்கும் அரிசிமணி போல இருக்கும். லென்ஸின் எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும், பறவைக்கு 300 மி.மீ. வேண்டும். பழைய நிக்கான் டி5600 ஒன்றும் ஏஎஃப்-பி 70-300 லென்ஸ் ஒன்றும் தேடுங்கள். ஒளியைப் படமாக்கும் சென்சார் சிறியது என்பதால் 300 மி.மீ. அங்கே 450 போல நெருக்கிக் காட்டும். 39 ஃபோகஸ் புள்ளிகள் இருக்கின்றன. திரையைத் திருப்பித் தரையோடு வைத்தும் எடுக்கலாம். முதல் கேமராவைப் புதிதாக வாங்க வேண்டும் என்று யார் சொன்னது?

கண்ணாடியில்லாக்கண்:
மன்னிக்கவும் ஐயா, இது பத்து ஆண்டுக்கு முந்தைய அறிவுரை. கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு ஒரு புதிய டிஎஸ்எல்ஆரும் அறிமுகம் செய்யவில்லை. இரண்டுமே உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்குப் போய்விட்டன. இன்று கற்கத் தொடங்குகிறவரை எதற்கு மூடப்போகும் வீட்டில் குடியேற்ற வேண்டும்? மிரர்லெஸ்ஸில் கண்ணை வைத்துப் பார்க்கும் மின்னணு வியூஃபைண்டரில் படம் இருட்டாக வருமா வெளுத்துவிடுமா என்பது பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தெரிந்துவிடும். கற்கிறவருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. நண்பருக்கு என் பரிந்துரை கேனான் ஆர்100.

பழையரோல்:
மூடப்போகும் வீடோ என்னவோ, கூரை ஒழுகவில்லை. ஆர்100-இல் விலங்கு, பறவைகளை அடையாளம் கண்டு ஃபோகஸ் செய்யும் வசதி கிடையாது, மனித முகத்தோடு சரி. அது அதற்கு அடுத்த படியான ஆர்50-இல்தான் இருக்கிறது. ஆர்50-ஐயும் ஒரு டெலி லென்ஸையும் 50,000-க்குள் எங்கே வாங்குவது? இன்னொன்று, பேட்டரி. நிக்கானின் டிஎஸ்எல்ஆர் டி3500 ஒரு சார்ஜில் 1,550 படங்கள் எடுக்கும் என்பது கேமராத் துறையின் பொதுச் சோதனைக் கணக்கு. பெரும்பாலான மிரர்லெஸ் முதல்நிலைக் கேமராக்கள் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூடத் தொடுவதில்லை. சதுப்பு நிலத்தில் காலை ஐந்து மணிக்கு இறங்கியவருக்குச் சார்ஜ் போட எங்கே இடம்?

கண்ணாடியில்லாக்கண்:
கூடுதல் பேட்டரி ஒன்று சட்டைப் பையில் அடங்கும். ஆர்100 பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், அது என் அவசரம். அதற்குத் தொடுதிரையும் இல்லை, நானே வேறொருவரிடம் அதை ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் "பழைய லென்ஸ் கடல் போலக் கிடக்கிறது" என்று அடுத்து எழுதப்போகிறீர்கள் என்று தெரியும். நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) 1959-இல் வந்தது, உண்மைதான். ஆனால் டி3500, டி5600 உடல்களில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) லென்ஸைச் சுழற்றும் ஃபோகஸ் மோட்டார் இல்லை. தனக்கென மோட்டார் இல்லாத, மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை மாட்டினால் வளையத்தைக் கையால்தான் திருக வேண்டும். புதியவர் அதை வாங்கி ஏமாந்தால் யார் பொறுப்பு?

பழையரோல்:
சொல்லத்தான் போனேன், முந்திக்கொண்டீர்கள். உப்பங்காற்று, குறித்துக்கொள்ளுங்கள். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருந்தால்தான் அந்த உடலில் தானாக ஃபோகஸ் ஆகும். 70-300 ஏஎஃப்-பி-யிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கை நடுக்கத்தைக் குறைக்கும் விஆர் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பெயரில் அந்த இரண்டெழுத்து இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பந்தல்வெளிச்சம்:
இருபது ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். நீங்கள் இருவரும் பூநாரையிலேயே நிற்கிறீர்கள். பூநாரை ஆண்டுக்குச் சில மாதம், அண்ணன் மகள் தினமும். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் பிள்ளையை எந்தக் கேமராவில் எடுத்தாலும் கலங்கித்தான் வரும். தம்பி, ஒரு சாதாரண ஃபிளாஷ் வாங்கி, வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி அடித்துப் பாருங்கள். படம் வேறு மாதிரி வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை. கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவே இருக்க வேண்டிய தொடுமுனையை எடுத்துவிட்டார்கள். நடுமுனையை மட்டுமே நம்பும் மலிவு ஃபிளாஷும், ஃபிளாஷைத் தள்ளி வைத்து இயக்கும் டிரிக்கரும் அவற்றில் அடிக்காது.

உப்பங்காற்று:
இது எந்தக் கடைக்காரரும் சொல்லாத செய்தி. டிரைபாடும் ஃபில்டரும் வேண்டுமா, வேண்டாமா? எங்கள் ஊர்க் காற்றில் இரும்புக் கதவே நாலு வருடத்தில் உதிர்கிறது.

பழையரோல்:
இலவச டிரைபாட் கடற்காற்றில் 300 மி.மீ. லென்ஸைத் தாங்கி நிற்காது. அதற்குப் பதில் கனத்த துணியில் ஒரு பை தைத்து, இரண்டு கிலோ அரிசி கட்டி, படகு விளிம்பிலோ சுவரிலோ வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரின் வேகம் 1/500 நொடியாவது இருக்கட்டும், பறக்கும் பறவைக்கு 1/1000-க்கு மேல். யூவி ஃபில்டர் தேவையற்ற செலவு. சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். மலிவு ஃபில்டரைப் போட்டுக் கோயில் விளக்கை எடுத்தால் ஒரு விளக்குக்கு இரண்டு விளக்கு எரியும்.

கண்ணாடியில்லாக்கண்:
இங்கே நான் கடுமையாக மறுக்கிறேன். அவர் இருப்பது உப்பளத்துக்குப் பக்கத்தில். லென்ஸின் முன்கண்ணாடியில் உப்புத் திவலை படிந்து, துண்டால் துடைத்துக் கீறல் விழுந்த லென்ஸை நானே விற்க முடியாமல் வைத்திருக்கிறேன். கடற்கரையில் ஃபில்டர் போடுங்கள், கோயிலில் கழற்றுங்கள். இதில் என்ன கௌரவப் பிரச்சினை?

பழையரோல்:
துண்டால் துடைத்தது ஃபில்டரின் குற்றமா? முதலில் ஊதுபந்தால் தூசியை ஊத வேண்டும், பிறகுதான் துணி.

பந்தல்வெளிச்சம்:
ஃபில்டரை விடுங்கள், அங்கே உண்மையான எதிரி பூஞ்சை. கேமராவைத் தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பவர்கள்தான் லென்ஸைக் கொல்கிறார்கள். ஈரம் புகாத டிரை கேபினெட் வாங்கப் பணம் இல்லையென்றால், ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், மலிவான ஈரப்பதமானி ஒன்று, இவை போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல்லின் நிறம் மாறினால் வாணலியில் வறுத்தெடுத்து மறுபடி போடலாம். கடற்கரையில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றாதீர்கள்.

உப்பங்காற்று (பத்து நாள் கழித்து):
பழையரோல் ஐயா சொன்னபடி ஒருவரிடம் டி5600-உம் இரண்டு லென்ஸும் பார்த்தேன், 38,000 கேட்டார். என் மெமரி கார்டைப் போட்டுப் படம் எடுத்து வந்து கணினியில் ஷட்டர் எண்ணிக்கை (அதுவரை எடுத்த படங்களின் கணக்கு) பார்த்தேன், 14,200. 70-300-ஐ டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே ஓரத்தில் சிலந்தி வலை போல ஒரு பூஞ்சைப் படலம். அந்த லென்ஸ் வேண்டாம் என்றேன். உடலையும் 18-55-ஐயும் மட்டும் 26,000-க்குத் தந்துவிட்டார். மிச்சம் 24,000 இருக்கிறது.

கண்ணாடியில்லாக்கண்:
பழைய பொருள் சந்தை எப்படிப்பட்டது என்று இப்போது தெரிகிறதா?

பழையரோல்:
தெரிகிறது. டார்ச் அடிக்கத் தெரிந்தவர் தப்பித்துக்கொண்டார். தம்பி, விஆர் உள்ள 70-300 வேறொன்று கிடைக்கும்வரை காத்திருங்கள். பூநாரை அடுத்த ஆண்டும் வரும்.

உப்பங்காற்று:
காத்திருக்கிறேன். 2,000 ரூபாய்க்கு டப்பா, ஜெல், ஊதுபந்து, இரண்டு 32 ஜிபி கார்டு வாங்கியாயிற்று. பந்தல்வெளிச்சம் அண்ணா, ஃபிளாஷை அடுத்த மாதம் பார்க்கிறேன். நேற்று சாயங்காலம் வாசல் வெயிலிலேயே அண்ணன் மகளை எடுத்தேன், எழுபது படத்தில் நான்கு தேறின. அரிசிப் பையும் தைத்தாயிற்று. அம்மா அதில் புழுங்கலரிசி போட விடவில்லை, ரேஷன் அரிசியைக் கொடுத்தார்கள்.