சிறப்புப் பிள்ளைகளின் உடன்பிறந்தவர்கள் மட்டும் வாங்க, ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது

மதுரை அக்கா:
தம்பிக்கு ஆட்டிசம். அதற்கு மேல் விளக்க வேண்டாம், உங்களுக்கே தெரியும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவனிடம் செல்போனைக் கொடுத்து மாடியில் உட்கார வைத்திருந்தோம். பஜ்ஜி வாசனைக்கு இறங்கி வந்துவிட்டான். நேராக மாப்பிள்ளை முன்னால் போய் நின்று, "எதுல வந்தீங்க, வைகையா பாண்டியனா? பாண்டியன் 12637" என்றான். அவர் சிரித்துக்கொண்டே பாண்டியன்தான் என்றார். அவருடைய அம்மா, யார் இது என்று கேட்டார். "பக்கத்து வீட்டுப் பையன்" என்றார் என் அம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தலையாட்டினேன்.

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான். அன்றிலிருந்து காலிங் பெல் அடித்தால் போதும், அம்மாவின் அதே குரலில், அந்தச் சின்ன இழுவையோடு, "பக்கத்து வீட்டுப் பையன்" என்கிறான். 6 வருஷம் ஆகிவிட்டது.

கொங்குத் தம்பி:
அக்கா, உங்கள் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்ற பயம்தான். எனக்கு அண்ணன், அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும். அப்பா போன பிறகு வங்கியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படிவம் முழுக்க வட்டம் வட்டமாகப் போட்டுவைத்தான். நான் போடுகிறேன் என்றேன், தம்பி என்றால் செல்லாது என்றார்கள். அவ்வளவுதான் என் கதை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 18 வயது முடிந்துவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் தானாகச் சட்டப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்கும் வழி இருக்கிறது. மனு, ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகும். அம்மா இருக்கும்போதே பாதுகாவலர் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். அம்மாவுக்குப் பிறகு நீங்களும் மனுப் போடலாம். நியமனமாகி 6 மாதத்துக்குள் சொத்து விவரம் கொடுக்க வேண்டும், அப்புறம் வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள், வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிக்கும் சேர்த்து. ஜெராக்ஸ் இரண்டு செட் அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு பிள்ளை அம்மா:
கொங்குத் தம்பி, அந்தப் பெண் மனு எழுதவா வழி கேட்டாள்?

நான் அம்மா, இந்தப் பக்கம் வரக்கூடாதுதான். பெரியவனுக்கு ஏடிஎச்டி, கவனம் நிற்காது, ஓரிடத்தில் உட்கார மாட்டான். தெரபி சென்டரில் சின்னவள் தரையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் நாற்காலியை மேஜையாக்கி வீட்டுப்பாடம் எழுதுவாள். நாலு வருஷம் அப்படித்தான். ஒருநாள் தெரபிஸ்ட் வெளியே வந்து குனிந்து, "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அண்ணனைக் கேட்கிறார் என்று இவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். "உன்னைத்தான்" என்றார். "எனக்கு ஒண்ணுமில்லையே" என்றாள்.

அமெரிக்காவில் டான் மேயர் என்பவர் இவளை மாதிரி உடன்பிறந்த பிள்ளைகளுக்காகவே சிப்ஷாப் என்று ஒரு கூடுகை தொடங்கினார் என்று அந்தத் தெரபிஸ்ட்தான் சொன்னார். விளையாட்டு, சாப்பாடு, நடுவே வீட்டுக் கதை. எங்கள் ஊரில் அதெல்லாம் எங்கே? சனிக்கிழமை அரை மணி நேரம் நானும் அவளும் மட்டும் பரோட்டா கடைக்குப் போகிறோம். முதல் வாரம், அண்ணனுக்குப் பார்சல் வாங்கலாமா என்று மூன்று தரம் கேட்டாள்.

மதுரை அக்கா:
சான்றிதழ் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி தம்பி. ஆனால் அம்மாவை நான் எங்கே குறை சொன்னேன்? தலையாட்டியது நான். அந்தச் சம்பந்தம் நகைப் பேச்சில் நின்றுபோனது, தம்பியால் இல்லை. அடுத்து வந்தவர்களுக்குக் காபித் தட்டை அவன் கையில் கொடுத்து என் கூடவே நடக்க வைத்தேன். பாதிக் காபி தட்டிலேயே கொட்டியது. "இவன் என் தம்பி" என்று அன்றைக்குச் சத்தமாகவே சொன்னேன். அதை மட்டும் அவன் இதுவரை திருப்பிச் சொல்லவே இல்லை.